ஆண் எலியில் ஸ்டீராய்டு ஹார்மோன் ஆய்வு: கேள்வியை முடிவு செய்வதிலிருந்து சுரப்பியின் எடை வரை

ஆண் எலிக்கு டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால், டெக்சாமெத்தசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டைக் கொடுத்து, விரையிலும் புராஸ்டேட்டிலும் விந்துப்பையிலும் என்ன மாறுகிறது என்று பார்க்கப் போகும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அறுவையில் அல்ல, அதற்கு முன்பு எதை எந்த வரிசையில் முடிவு செய்வது என்பதில்தான்.

ஊசி போடுவது, மயக்கம் கொடுப்பது, விரை நீக்குவது எல்லாவற்றையும் பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத்தர வேண்டும். எழுத்தைப் படித்துவிட்டு நேராக எலியைக் கையில் எடுக்காதீர்கள்.

1. முதலில் கேள்வியை ஒரே வரியில் எழுதுங்கள்

இதைத் தாண்டிவிட்டு எலி வாங்கியவர்கள்தான் கடைசியில் எண்களை வைத்துக்கொண்டு முழிக்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இரண்டில் ஒன்று. ஒன்று, "இந்தப் பொருள் நேரடியாகப் புராஸ்டேட், விந்துப்பை போன்ற துணைச் சுரப்பிகளில் வேலை செய்கிறதா?" இன்னொன்று, "இது மூளை, பிட்யூட்டரி, விரை என்ற முழுச் சங்கிலியையும் என்ன செய்கிறது?"

முதல் கேள்விக்கு விரை நீக்கிய எலி வேண்டும். இரண்டாவதற்கு விரையுள்ள முழு எலி வேண்டும். ஒன்றில் கிடைத்த பதிலை இன்னொன்றின் பதிலாக எழுத முடியாது.

ஏன் என்று பார்ப்போம். முழு எலிக்கு வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் ரத்தத்தில் அதன் அளவு ஏறும், உடனே மூளையின் ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும், விரையைத் தூண்டும் ஹார்மோனான எல்.எச். சுரப்பைக் குறைத்துவிடும். எல்.எச். குறைந்தால் விரைக்குள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கும் லேடிக் செல்கள் தம் வேலையைக் குறைக்கும். விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் அளவு ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம், விந்தணு உருவாக அந்த உயர்ந்த அளவுதான் வேண்டும். ஆக, ஊசி போட்டும் விரைக்குள் ஹார்மோன் பஞ்சம். விரை சுருங்குகிறது, அதே எலியில் விந்துப்பை பருத்து நிற்கிறது. "ஆண் ஹார்மோன் கொடுத்தேன், விரை ஏன் சின்னதாகிவிட்டது, மருந்து கெட்டுப்போனதா?" என்று கேட்கும் மாணவரிடம் மருந்து சரியாகத்தான் வேலை செய்திருக்கிறது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. டெஸ்டோஸ்டிரோன் அளவை மிக அதிகமாக்கினால், ரத்தத்திலிருந்தே போதுமான ஹார்மோன் விரைக்குள் போய் விந்தணு உருவாக்கம் ஓரளவு காப்பாற்றப்படும். அதனால் நடு அளவில் விரை சுருங்கி, பெரிய அளவில் மறுபடி நன்றாகத் தெரிவது எலியில் நடக்கக்கூடியதே. இரண்டே அளவு வைத்து நேர்கோடு எதிர்பார்ப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

ஃப்ளூட்டமைடு போன்ற ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) எதிர்ப்பு மருந்தை முழு எலிக்குக் கொடுத்தாலும் இதே சிக்கல் தலைகீழாக வரும். அது மூளையிலும் ஹார்மோன் போய் ஒட்டும் ஏற்பியை மறிக்கிறது, கட்டுப்பாடு தளர்ந்து எல்.எச். ஏறுகிறது, விரை கூடுதலாக டெஸ்டோஸ்டிரோன் சுரந்து மருந்தோடு போட்டி போடுகிறது. துணைச் சுரப்பி சுருங்குவது ஓரளவு மறைந்துவிடும். விரையை நீக்கிவிட்டால் இந்தப் போட்டி இல்லை, ஹார்மோன் எவ்வளவு என்பது முழுக்க உங்கள் கையில்.

கீழே முதல் கேள்விக்கான வழியைத்தான் விரிவாகச் சொல்கிறேன். இது ஹெர்ஷ்பர்கர் சோதனை, ஓஇசிடி 2009-இல் 441-ஆம் எண் வழிகாட்டியாக ஏற்றுக்கொண்டது. முழு எலியில் செய்பவர்களுக்கு எங்கே மாறுகிறது என்பது 9-ஆம் பகுதியில் இருக்கிறது.

2. அனுமதியும் கையிருப்பும்

இந்தியாவில் என்றால் உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவில் பி படிவம் கொடுத்து ஒப்புதல் வாங்காமல் ஒரு எலியைக்கூடத் தொடக் கூடாது. படிவத்தில் எத்தனை எலி, ஏன் அத்தனை, வலிக்கு என்ன மருந்து, எப்படி முடிப்பது எல்லாம் கேட்பார்கள். 1-ஆம் பகுதியில் எழுதிய அந்த ஒரு வரி இருந்தால் படிவம் தானாக நிரம்பும். இல்லாவிட்டால் குழு கேட்கும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள்.

மயக்கத்துக்குக் கீட்டமைன் பயன்படுத்துவதாக இருந்தால் அதை முன்கூட்டியே பாருங்கள். இந்தியாவில் அது எக்ஸ் அட்டவணை மருந்து, கடையில் போய்க் கேட்டவுடன் தர மாட்டார்கள், பதிவேடும் வைக்க வேண்டும். எலிகள் வளர்ந்து வயது தாண்டிக்கொண்டிருக்க, மருந்துக்காகக் காத்திருப்பது அடிக்கடி நடக்கும் விபத்து.

தராசு 0.1 மி.கி. வரை காட்ட வேண்டும். காரணம் 8-ஆம் பகுதியில் தெரியும். இரண்டு இலக்கத் தராசுதான் இருக்கிறதென்றால் பக்கத்துத் துறையில் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் தொடங்குங்கள்.

3. காலண்டரைப் பின்னாலிருந்து போடுங்கள்

இந்தச் சோதனையில் எலியின் வயதுதான் கடிகாரம். பிறந்து 42 நாள் ஆன பிறகு விரை நீக்கம். அதன்பின் குறைந்தது 7 நாள் ஓய்வு. 49-லிருந்து 60-ஆம் நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும். தொடர்ந்து 10 நாள் மருந்து, கடைசி ஊசிக்குச் சுமார் 24 மணி நேரம் கழித்து எலியை முடித்துச் சுரப்பிகளை எடுப்பது.

42 நாள் என்பதற்குக் காரணம் முன்தோல் பிரிதல். இளம் எலியில் ஆண்குறி மொட்டோடு முன்தோல் ஒட்டியிருக்கும், பருவம் வரும்போது ஆண்ட்ரோஜனால் பிரியும். அதற்கு முன்பே விரையை எடுத்துவிட்டால் பிரிதல் முழுமையாகாமல் நின்றுவிடும், மொட்டை எடுத்து எடை பார்க்க முடியாது. அறுவை நாளில் ஒவ்வொரு எலியிலும் முன்தோல் முழுதாகப் பின்னால் வருகிறதா என்று பாருங்கள். ஒரு மெல்லிய இழை ஒட்டியிருந்தாலும் அந்த எலியை விட்டுவிடுங்கள்.

7 நாள் ஓய்வு காயம் ஆற மட்டும் இல்லை. விரை போனதும் புராஸ்டேட்டின் மேற்படலச் செல்கள் இரண்டு மூன்று நாளிலேயே கூட்டமாக மடியத் தொடங்கும், ஒரு வாரத்தில் சுரப்பி பாதிக்கும் மேல் இளைத்துவிடும். அந்த இளைத்த அடித்தளத்திலிருந்து எவ்வளவு ஏறுகிறது என்பதைத்தான் அளக்கிறோம். அவசரப்பட்டு நான்காம் நாளில் ஊசி தொடங்கினால் பழைய ஹார்மோனின் மிச்சத்தையும் புது மருந்தின் விளைவையும் சேர்த்து எடை போடுகிறீர்கள்.

பத்து நாளில் ஞாயிறு கட்டாயம் வரும், பொங்கலோ தீபாவளியோகூட வரலாம். "ஒரு நாள் விட்டால் என்ன" என்பது இங்கே செல்லாது, நாம் போடும் டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட் உடம்பில் வேகமாகத் தீர்ந்துவிடும். சுரப்பி எடுக்கும் நாளை முதலில் குறித்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி எண்ணி எலியின் பிறந்த தேதியைத் தேர்ந்தெடுங்கள். பிறந்த தேதி சரியாகத் தெரியாத எலியை, "சுமார் 150 கிராம் இருக்கும் சார்" என்று கொடுப்பதை, வாங்காதீர்கள்.

4. குழுக்கள்

ஆண்ட்ரோஜன் தன்மையைத் தேடுகிறீர்கள் என்றால் விரை நீக்கி வெறும் எண்ணெய், விரை நீக்கி டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட், விரை நீக்கி உங்கள் பொருள் இரண்டு அளவில். எதிர்ப்புத் தன்மையைத் தேடுகிறீர்கள் என்றால் எல்லா எலிக்கும் டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட் அடிப்படை, அதன்மேல் ஒரு குழுவுக்கு ஃப்ளூட்டமைடு, மற்ற குழுக்களுக்கு உங்கள் பொருள். குழுவுக்குக் குறைந்தது 6 எலி.

டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட் ஒரு கிலோ எடைக்குத் தினம் 0.2 அல்லது 0.4 மி.கி., தோலடியில். ஃப்ளூட்டமைடு கிலோவுக்கு 3 மி.கி., வாய்வழி. இந்த இரண்டு குழுக்களும் அலங்காரத்துக்கு இல்லை. டெஸ்டோஸ்டிரோன் குழுவில் சுரப்பி ஏறவில்லை, ஃப்ளூட்டமைடு குழுவில் இறங்கவில்லை என்றால் உங்கள் பொருளின் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், சோதனையே ஓடவில்லை என்று பொருள்.

ஒரு பொதுவான தவறு: மருந்துக் குழுவுக்குத் தினம் வாய்வழிக் குழாய் போடுகிறார்கள், ஒப்பீட்டுக் குழுவுக்கு ஊசி மட்டும். குழாய் போடுவதே எலிக்கு ஒரு அழுத்தம், அதனால் கார்டிகோஸ்டிரோன் ஏறும், அதுவும் ஒரு ஸ்டீராய்டு. எல்லாக் குழுவுக்கும் அதே அளவு எண்ணெய் அதே குழாயில் போக வேண்டும், அதே ஊசியும்.

கூடவே எடை வித்தியாசம். தொடக்கத்தில் எந்த எலியும் சராசரியிலிருந்து 20 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்களை ஒரே குழுவில் போடாமல் பிரித்துப் போடுங்கள். கூண்டுக்கு இரண்டு மூன்று எலி போதும்.

5. தீவனம், படுக்கை, கூண்டு

சோயா அதிகமுள்ள தீவனத்தில் தாவர ஈஸ்ட்ரோஜன்கள் இருக்கும், மூட்டைக்கு மூட்டை அளவு மாறும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தொகுதித் தீவனம் வாங்கி வையுங்கள், தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

மக்காச்சோளக் கட்டைத் துருவலைப் படுக்கையாகப் போடாதீர்கள், அதிலுள்ள சேர்மங்கள் எலியின் இனப்பெருக்க நடத்தையைக் கலைப்பது தெரிந்த விஷயம். நம் ஊர் விலங்ககங்களில் நெல் உமிதான் வழக்கம், சுத்தமாகக் கொதிகலனில் கிருமி நீக்கியது என்றால் சரி, ஆனால் பாதியில் மாற்றாதீர்கள். பழைய, மங்கிப்போன பாலிகார்பனேட் கூண்டு, குடுவைகளிலிருந்து பிஸ்ஃபீனால் கசியும் என்பதால் அவற்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

6. மருந்து தயாரிப்பதும் போடுவதும்

அதிகத் தவறு நடக்கும் இடம் இது, அதனால் கணக்கோடு போகிறேன்.

தோலடி ஊசியின் கொள்ளளவு கிலோவுக்கு 0.5 மி.லி. என்று வையுங்கள். கிலோவுக்கு 0.4 மி.கி. வேண்டும். 0.4-ஐ 0.5-ஆல் வகுத்தால் 0.8. அதாவது ஒரு மி.லி. எண்ணெயில் 0.8 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட். 20 மி.லி. தயாரிக்க 16 மி.கி. எடை போட வேண்டும். 220 கிராம் எலிக்கு 0.11 மி.லி. போகும், அதில் 0.088 மி.கி. மருந்து.

வாய்வழிக்குக் கிலோவுக்கு 5 மி.லி. ஃப்ளூட்டமைடு 3 மி.கி. என்றால் மி.லி.க்கு 0.6 மி.கி., அதே எலிக்கு 1.1 மி.லி. தினமும் காலையில் எலியை எடை பார்த்து அன்றைய எடைக்கு அன்றைய அளவு. இளம் எலி பத்து நாளில் நன்றாக வளரும், முதல் நாள் எடையை வைத்தே ஓட்டினால் கடைசி நாட்களில் குறைவாகப் போட்டிருப்பீர்கள்.

டெஸ்டோஸ்டிரோன் புரோப்பியனேட் தண்ணீரில் கரையாது. மிகக் கொஞ்சம் எத்தனாலில் கரைத்து, சோள எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ சேர்த்து, மெல்ல சூடுபடுத்திக் கலக்கி எத்தனாலை ஆவியாக்கிவிடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மினுமினுப்பாகப் படிகம் தெரிந்தால் கரையவில்லை. அப்படியே போட்டால் முதல் எலிக்கு எண்ணெயும் கடைசி எலிக்கு மருந்தும் போய்ச் சேரும்.

எந்த எஸ்டர், அதாவது டெஸ்டோஸ்டிரோனோடு எந்த அமிலம் இணைந்த வடிவம், என்பதைப் பாருங்கள். மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்று நான்கு எஸ்டர் கலந்த ஆம்பூலை வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அதில் புரோப்பியனேட்டும் இருக்கும், மெதுவாக வாரக்கணக்கில் வெளியேறும் டெக்கனோயேட்டும் இருக்கும். அதைத் தினம் போட்டால் பத்தாம் நாளில் எலியின் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எனந்தேட், அன்டெக்கனோயேட் ஆகியவையும் தினசரி ஊசிக்கு இல்லை.

டெஸ்டோஸ்டிரோனை வாயில் கொடுத்துப் பார்ப்போம் என்பதும் வீண். குடலிலிருந்து நேராகக் கல்லீரலுக்குப் போய் அங்கேயே சிதைந்துவிடும். வாய்வழி வேலை செய்ய வேண்டுமென்றால் மெத்தில்டெஸ்டோஸ்டிரோன் மாதிரி 17-ஆம் கார்பனில் மாற்றம் செய்த மூலக்கூறு வேண்டும்.

சிரிஞ்சு. தயவுசெய்து 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சு, 0.01 மி.லி. கோடு உள்ளது. இன்சுலின் சிரிஞ்சை எடுப்பவர்கள் 40 யூனிட் வகையில் 10 என்ற கோட்டை 0.1 மி.லி. என்று படித்துவிடுகிறார்கள். அந்த வகையில் 40 யூனிட்தான் ஒரு மி.லி., ஆகவே 10 என்பது 0.25 மி.லி. இரண்டரை மடங்கு! மேலும் எண்ணெய் அந்த மெல்லிய ஊசியில் இறங்கவும் இறங்காது. ஊசியைச் செருகி மருந்தை மெல்லத் தள்ளி, வெளியே எடுத்ததும் விரலால் சில நொடி அழுத்திப் பிடியுங்கள், எண்ணெய் துளையின் வழியாக ரோமத்துக்கு வழிவது சாதாரணம். தினம் ஒரே நேரத்தில், ஊசி போடும் இடத்தை மாற்றி மாற்றிப் போடுங்கள்.

கையுறை இல்லாமல் இந்தப் பொருட்களைத் தொடாதீர்கள், உங்கள் தோலும் உறிஞ்சும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தக் கரைசல்களைத் தயாரிக்கும் வேலையில் இருக்கவே கூடாது.

7. விரை நீக்கம்

கீட்டமைன், சைலசீன் கலவையோ ஐசோஃப்ளூரேனோ, எது உங்கள் கால்நடை மருத்துவர் ஒப்புகிறாரோ அது. விரைப்பையின் நடுவில் சிறிய கீறல், விரையை விரை மேற்சுருளோடு சேர்த்து வெளியே எடுத்து, ரத்தக் குழாயையும் விந்துக் குழாயையும் சேர்த்துக் கட்டி, கட்டுக்குக் கீழே வெட்டுங்கள். இரண்டு பக்கமும்.

மயக்கத்தில் இருக்கும் எலியின் உடல் வெப்பம் வேகமாக இறங்கும், அறுவையில் தப்பித்து மேசையில் குளிரில் சாகும் எலிகள்தான் அதிகம். அடியில் சூடான விரிப்பு வையுங்கள், நடக்கத் தொடங்கும் வரை தனியாக வைத்துப் பாருங்கள். மெலாக்சிகாம் போன்ற வலி மருந்தை விழிக்கும் முன்பே கொடுங்கள். வலியில் இருக்கும் எலி சாப்பிடாது, எடை இறங்கும், அழுத்த ஹார்மோன் ஏறும். அந்த உயிருக்கு நாம் செய்ய வேண்டிய கடமையும் அதுதான், ஆய்வின் தரத்துக்கும் அதுதான் தேவை.

இங்கே அடிக்கடி நடக்கும் பிசகு, விரையை இழுக்கும்போது அது கிழிந்து ஒரு துணுக்கு உள்ளே தங்கிவிடுவது. ஒரு துணுக்கும் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும். எடுத்த விரை முழுதாக, உறை கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் தட்டில் வைத்துப் பாருங்கள், கடைசி நாளிலும் கவட்டைப் பகுதியைத் தேடிப் பாருங்கள். வெறும் எண்ணெய்க் குழுவில் ஒரே ஒரு எலிக்கு மட்டும் புராஸ்டேட் கொழுகொழுவென்று இருந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் வர வேண்டும்.

8. சுரப்பிகளை எடுத்து எடை பார்ப்பது

விரை நீக்கி எண்ணெய் மட்டும் போட்ட இளம் எலியின் கீழ்ப்புற புராஸ்டேட் ஏறக்குறைய 20 மி.கி.தான் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் குழுவில் 100 மி.கி.யைத் தாண்டிப் போகும். 20 மி.கி. சுரப்பியில் 2 மி.கி. கொழுப்பு ஒட்டியிருந்தால் பத்து சதவீதப் பிழை. அதனால்தான் தராசைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

எடுக்க வேண்டியவை ஐந்து: கீழ்ப்புற புராஸ்டேட், கோயாகுலேட்டிங் சுரப்பியோடும் உள்ளே இருக்கும் திரவத்தோடும் சேர்த்து விந்துப்பை, லெவேட்டர் ஏனை, பல்போகேவர்னோசஸ் தசைகள் சேர்ந்தது, இரண்டு கூப்பர் சுரப்பிகள், ஆண்குறி மொட்டு. சும்மா "புராஸ்டேட்" என்று மொத்தமாக அள்ளி எடை போடாதீர்கள். எலியின் புராஸ்டேட்டுக்குக் கீழ்ப்புறம், பக்கவாட்டு, மேற்புறம் என்று தனித்தனி மடல்கள் உண்டு, ஹார்மோனுக்கு அவை ஒரே மாதிரி பதில் சொல்வதில்லை.

வயிற்றைத் திறந்ததும் சிறுநீர்ப்பையின் நுனியை ஃபோர்செப்ஸால் பிடித்துத் தலைப்பக்கம் மெல்லத் தூக்குங்கள். அதன் கழுத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் வெளிறிய இளஞ்சிவப்பில் மெல்லிய மடல்கள் தெரியும், அவைதான். முதலில் மேலிருக்கும் கொழுப்பை நீக்கி, அப்புறம் சிறுநீர்ப்பையிலிருந்து மடலைப் பிரித்தெடுங்கள். கொழுப்பு மினுமினுப்பாக, மஞ்சள் சாயலோடு இருக்கும். சுரப்பி மங்கலாக, பொடிப்பொடி மடிப்போடு இருக்கும். இளைத்த எலியில் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழக நேரமாகும், அதனால் ஆய்வு எலியில் பழகாதீர்கள், வேறு ஆய்வில் முடிந்த எலிகளின் உடலை வாங்கிப் பழகுங்கள்.

விந்துப்பையில் திரவம் சிந்தினால் அந்த எண் போய்விட்டது. சிறுநீர்க் குழாயோடு சேரும் அடிப்பகுதியைக் கிடுக்கியால் பிடித்துவிட்டு, பிடித்ததற்குக் கீழே வெட்டுங்கள். உள்வளைவில் ஒட்டியிருக்கும் கோயாகுலேட்டிங் சுரப்பியை ஒரு எலியில் சேர்த்தும் ஒரு எலியில் விட்டும் எடுப்பது இன்னொரு வழக்கமான தவறு.

லெவேட்டர் தசைக்கு எலியின் பின்பக்கத்தைத் திறந்து, மலக்குடலைச் சுற்றி வளையமாகப் போகும் தசையையும் ஆண்குறியின் அடிக்குமிழைச் சுற்றிய தசையையும் சேர்த்து எடுக்க வேண்டும். கூப்பர் சுரப்பிகள் அதே குமிழுக்குப் பக்கத்தில் சிறு உருண்டைகளாக இருக்கும், எண்ணெய்க் குழுவில் சில மி.கி.தான். கண்ணாடி போட்டுத் தேடுங்கள்.

எடுத்ததும் ஈரத்தை வடிதாளில் ஒற்றி, மூடியுள்ள, முன்பே எடை பார்த்த சிறு குப்பியில் போட்டு உடனே எடை. காற்றாடிக்குக் கீழே திறந்த தட்டில் வைத்து, ஆறு எலியும் முடிந்தபின் சேர்த்து எடை போடலாம் என்று விட்டால், நம் வெயிலில் கூப்பர் சுரப்பி காய்ந்து பாதியாகிவிடும்.

வரிசையும் முக்கியம். காலையில் முதல் குழு, மதியம் கடைசிக் குழு என்று போகாதீர்கள். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒன்று என மாற்றி மாற்றி எடுங்கள். ஒரு திசுவை ஒரே ஆள் எல்லா எலியிலும் எடுக்கட்டும், எந்த எலி எந்தக் குழு என்று அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும். எங்கே வெட்டுவது என்பதில் ஒவ்வொரு கைக்கும் ஒரு பழக்கம் இருக்கும். குழு தெரிந்த கை, தன்னையறியாமல் எதிர்பார்க்கும் பக்கம் சாயும்.

9. முழு எலியில் செய்பவர்களுக்கு

இங்கே விரையும் விரை மேற்சுருளும் சேர்கின்றன, காலமும் நீள்கிறது. எலியில் விந்தணு உருவாகும் ஒரு சுழற்சி ஏறத்தாழ 13 நாள், ஒரு விந்தணு முழுதாக உருவாக நான்கு சுழற்சிக்கு மேல், அதாவது 50 நாளைத் தாண்டும். பத்து நாள் மருந்து கொடுத்துவிட்டு "விந்தணு எண்ணிக்கை மாறவில்லை, பாதிப்பில்லை" என்று எழுதுவது தவறு, நீங்கள் எண்ணியது மருந்துக்கு முன்பே உருவாகிவிட்ட விந்தணு. விந்தணுவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் 56 அல்லது 60 நாள் திட்டமிடுங்கள்.

ஈஸ்ட்ரடையால் கொடுத்தால் எல்.எச். விழுந்து விரையும் துணைச் சுரப்பிகளும் சேர்ந்தே இளைக்கும். அதை வைத்து "ஈஸ்ட்ரோஜன் புராஸ்டேட்டை நேரடியாகச் சுருக்குகிறது" என்று எழுத முடியாது, அதற்கு விரை நீக்கி டெஸ்டோஸ்டிரோன் நிலையாகக் கொடுத்த எலியில் பார்க்க வேண்டும். டெக்சாமெத்தசோனில் இன்னொரு கண்ணி: எலியின் உடல் எடையே இறங்கிவிடும். விரையின் எடை உடல் எடையோடு சேர்ந்து அவ்வளவாக இறங்காது. ஆகவே 100 கிராம் உடல் எடைக்கு என்று கணக்கிட்டால் விரை "பெருத்ததாக" வரும்! எப்போதும் நேரடி எடையை முதல் அட்டவணையில் கொடுங்கள், விகிதத்தை அதற்குப் பிறகு.

விரையை ஃபார்மலினில் போடாதீர்கள். நுண்குழல்களுக்கு இடையே செயற்கையாகப் பெரிய இடைவெளி விழும், அதை மருந்தின் பாதிப்பு என்று எழுதிய ஆய்வேடுகள் இருக்கின்றன. பூயின் திரவமோ மாற்றியமைத்த டேவிட்சன் திரவமோ வேண்டும். சில மணி நேரம் கழித்து இரு முனைகளையும் மெல்ல நறுக்கிவிட்டால் நடுப்பகுதி வரை இறங்கும். 24 மணி நேரத்துக்குப் பின் 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் போகும் வரை மாற்றிக்கொண்டே இருங்கள். பூயினில் பிக்ரிக் அமிலம் இருக்கிறது, குப்பியின் வாயில் காய்ந்து படிகமானால் வெடிக்கும் தன்மை உள்ளது, காயவிடாதீர்கள். புராஸ்டேட்டுக்கும் விந்துப்பைக்கும் சாதாரண நடுநிலை ஃபார்மலின் போதும்.

ரத்த டெஸ்டோஸ்டிரோன் பற்றி ஒரு வார்த்தை. அது துடிப்புத் துடிப்பாகச் சுரக்கும் ஹார்மோன், ஆரோக்கியமான இரண்டு எலிகளுக்குள்ளேயே பல மடங்கு வித்தியாசம் இருக்கும். எல்லா எலிக்கும் காலையில் ஒரே நேர இடைவெளிக்குள் ரத்தம் எடுங்கள். சுரப்பியின் எடை பல நாள் ஹார்மோனின் மொத்தக் கணக்கு, அந்த ஒரு துளி ரத்தத்தைவிட அதை நான் அதிகம் நம்புவேன். எல்.எச். அளக்க மனித கிட் வாங்காதீர்கள், டெஸ்டோஸ்டிரோன் மூலக்கூறு எல்லா உயிரிலும் ஒன்றுதான், ஆனால் எல்.எச். புரதம், எலிக்கென்றே செய்த கிட்தான் வேலை செய்யும்.

10. எண்களைப் படிப்பது

ஐந்து திசுக்களில் குறைந்தது இரண்டில் புள்ளியியல் ரீதியாக மாற்றம் தெரிந்தால்தான் ஆண்ட்ரோஜன் தன்மை அல்லது எதிர்ப்பு உண்டு என்று சொல்வது விதி. மற்றவையும் அதே பக்கம் சாய்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று மட்டும் தனியாக எகிறினால் வெட்டியதில் பிழையா என்று முதலில் தேடுங்கள்.

அப்புறம் எந்தத் திசு மாறியது என்பதே ஒரு பதில். புராஸ்டேட்டில் 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வலுவான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. லெவேட்டர் தசையில் அந்த நொதி மிகக் குறைவு, அங்கே டெஸ்டோஸ்டிரோனே நேராக ஏற்பியில் போய் உட்காருகிறது. அதனால் ஃபினாஸ்டெரைடு மாதிரி நொதியைத் தடுக்கும் மருந்து புராஸ்டேட்டையும் விந்துப்பையையும் சுருக்கும், தசையைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஃப்ளூட்டமைடு ஏற்பியையே மறிப்பதால் ஐந்தும் இறங்கும். நாண்ட்ரோலோன் இதற்கு நேர் எதிர்க் கதை: அதே நொதி அதை வலுக்குறைந்த பொருளாக மாற்றுகிறது, எனவே புராஸ்டேட்டில் விளைவு குறைந்து தசையில் ஒப்பீட்டளவில் அதிகமாகத் தெரியும். இரண்டு சுரப்பி மட்டும் எடுத்துவிட்டு "போதும்" என்று தசையை விட்டவர்களுக்கு இந்தத் தகவல் முழுவதும் போய்விடுகிறது.

புள்ளியியலில், குழுக்களின் சிதறல் ஒரே அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எண்ணெய்க் குழுவில் எண்கள் நெருக்கமாகவும் டெஸ்டோஸ்டிரோன் குழுவில் பரந்தும் இருப்பது வழக்கம், மடக்கை எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். பிறகு அனோவா, ஒப்பீட்டுக் குழுவோடு மட்டும் ஒப்பிட டன்னட் சோதனை. உடல் எடை வித்தியாசத்தை விகிதமாக வகுப்பதைவிடத் துணை மாறியாகச் சேர்ப்பது நல்லது.

எலியை ஆய்விலிருந்து நீக்கினால் எந்த எலி, ஏன், எப்போது என்று அன்றைக்கே எழுதுங்கள். விரைத் துணுக்கு இருந்தது, விந்துப்பை சிந்தியது, குழாய் மூச்சுக்குழலில் போனது, இவையெல்லாம் நியாயமான காரணங்கள். எண் பிடிக்கவில்லை என்பது காரணம் இல்லை. அட்டவணைக்குக் கீழே அந்த எலிகளின் எண்ணிக்கையும் காரணமும் இருக்கட்டும், மூல எடைத் தாள்களை ஆய்வேட்டோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.